நிறையவே நிறையாத தொட்டி

புதுக்கோட்டையில் திருக்கோகர்ணம் பக்கம் மனை வாங்க வருகிறவர் விவரமானவர். லேசில் ஏமாற மாட்டார். தாய்ப்பத்திரம் கேட்பார். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி. எல்லாவற்றையும் வக்கீலிடம் ஒரு முறை, மச்சானிடம் ஒரு முறை காட்டுவார். மனை எந்தத் திசை பார்க்கிறது, தெருக்குத்து இருக்கிறதா, பக்கத்தில் சுடுகாடு உண்டா என்று தோண்டித் துருவுவார். இத்தனை கேட்டவர் ஒன்றை மட்டும் கேட்க மாட்டார். வீட்டில் ஐந்து பேர் தினமும் காலையில் போய்விட்டு வந்த பிறகு, போனது எங்கே போகும்?

விற்கிறவரும் சொல்வதில்லை. துண்டறிக்கையில் மற்றதெல்லாம் இருக்கிறது. டி.டி.சி.பி. அப்ரூவ்டு. ரெரா அப்ரூவ்டு. 30 அடி தார்ச்சாலை. சுவையான நிலத்தடி நீர். மருத்துவக் கல்லூரி பத்தே நிமிடம். மருத்துவக் கல்லூரியைச் சேர்த்தது நல்லது. சுவையான நிலத்தடி நீரைக் குடிக்கிறவர்களுக்கு அது தேவைப்படும்.

கேள்வி சின்னதுதான். இந்த வீட்டுக்கு செப்டிக் டேங்க் வேண்டுமா, வேண்டாமா? பதில் சொல்ல இரண்டு சங்கதி தெரிந்தால் போதும். தெருவில் பாதாள சாக்கடை ஓடுகிறதா? ஓடவில்லை என்றால், மனையின் மண் தண்ணீரைக் குடிக்குமா? முதலாவது மாநகராட்சிக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது மண்ணுக்குத் தெரியும். நாம் இருவரையும் கேட்பதில்லை. மேஸ்திரியைக் கேட்கிறோம்.

மேஸ்திரி தயங்குவதே இல்லை. "பத்துக்கு ஆறு, ஆழம் பத்தடி போட்ருவோம் சார். அடியில கான்கிரீட் வேணாம். சும்மா விட்டா தண்ணி தானா இறங்கிடும். உங்க பேரன் காலத்துலகூட நிறையாது." வீட்டுக்காரர் முகம் மலர்கிறது. சிமெண்ட் மிச்சம். லாரிச் செலவு மிச்சம். இன்னும் சிக்கனமானவர் என்றால் நாலு சிமெண்ட் உறையை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கி, மேலே ஒரு சிலாப்பைப் போட்டு மூடி, அதற்கும் செப்டிக் டேங்க் என்றே பெயர் வைத்துவிடுகிறார்.

அடி இல்லாத குடத்தைக் கடைக்காரர் விற்றால் சண்டைக்குப் போவோம். அடி இல்லாத தொட்டிக்குக் கூலி கொடுக்கிறோம். மேஸ்திரிக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுக்கிறோம்.

இப்படிச் செய்யக் கூடாது என்று எழுதிவைக்காமல் இல்லை. ஐ.எஸ். 2470 என்று ஒரு இந்தியத் தர விதி இருக்கிறது. 1985-ல் திருத்திய பதிப்பு அச்சில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் முதல் அதிர்ச்சி, நமக்குத் தேவையான தொட்டி எவ்வளவு சின்னது என்பது. ஐந்து பேர் வீட்டுக்கு நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், நீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர். அவ்வளவுதான். ஆனால் அது ஒழுகக் கூடாது. வண்டல் அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். தெளிந்தது என்றால் சுத்தமானது என்று பொருளில்லை. அதில் இன்னும் கிருமி இருக்கிறது. மிச்ச வேலையை மண் செய்ய வேண்டும். அடியில் தங்கிய வண்டலை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். விதி சிறிய, ஒழுகாத தொட்டி கேட்கிறது. நாம் கிணறு மாதிரி ஒன்றைத் தோண்டி, ஒழுகவிட்டு, ஒழுகுவதையே சாதனை என்கிறோம்.

மண் மிச்ச வேலையைச் செய்யுமா என்று பார்க்க ஒரு சோதனையும் அதே விதியில் இருக்கிறது. ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. உறிஞ்சுகுழி வரப்போகும் இடத்தில் சிறு குழி தோண்டு. தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிடு. மறுநாள் மறுபடி ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போடலாம். 60 நிமிடத்தைத் தாண்டினால் அந்த மண்ணை நம்பாதே, வடிகட்டிப் படுகை போன்ற வேறு வழி பார். செலவு ஒரு மண்வெட்டி, நாலு குடம் தண்ணீர், ஒரு கடிகாரம். புதுக்கோட்டை வட்டாரம் பாறையும் செம்புரானுமாகக் கிடக்கிற பூமி. ஒரு மனையில் கடப்பாரை இறங்கும். அடுத்த மனையில் தீப்பொறி பறக்கும். மண் ஒரு சொட்டும் குடிக்காத இடமும் உண்டு. பாறை வெடிப்பு வழியே ஒரே மூச்சில் போர்வெல்லுக்குக் கொண்டு சேர்க்கிற இடமும் உண்டு. இங்கேதான் அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். இங்கேதான் அப்படி ஒரு சோதனை இருப்பதையே யாரும் கேள்விப்பட்டதில்லை.

திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1910-ல் தொடங்கியது. அழிந்துபோனவற்றையும் அரிதானவற்றையும் பாதுகாப்பது அதன் வேலை. விதிப்படி கட்டிய செப்டிக் டேங்க் ஒன்றையும் அங்கே காட்சிக்கு வைக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

மண்ணைக் கேட்காதவர்கள் வாஸ்துவைக் கேட்காமல் விடுவதில்லை. தரக் குறியீட்டுப் புத்தகம் ஒரு வீட்டிலும் இல்லை. வாஸ்துப் புத்தகம் இல்லாத வீடு இல்லை. வாஸ்து தெளிவாகச் சொல்லிவிட்டது. போர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், அதாவது வடமேற்கில். மாற்றிப் போட்டால் வீட்டுத் தலைவருக்கு ஆகாது. சரி, இரண்டும் தள்ளித்தானே இருக்கிறது, நல்லதுதானே என்று தோன்றும். தெருவில் நின்று ஒரு நிமிடம் யோசியுங்கள். என் மனையின் வாயு மூலையை ஒட்டி என்ன இருக்கிறது? மேற்கு வீட்டுக்காரரின் ஈசானிய மூலை. அங்கேதான் அவருடைய போர். என் தொட்டிக்கும் அவர் குடிநீருக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர். ஒன்பது அங்குலம்.

என் வீட்டு ஐசுவரியம் அவர் வீட்டு மோட்டாரில் ஏறுகிறது. என் மோட்டாரில் கிழக்கு வீட்டுக்காரரின் ஐசுவரியம் ஏறுகிறது. தெரு நெடுக இதே கதை. கிழக்குக் கோடி வீட்டுக்காரர் ஒருவர்தான் பாக்கியசாலி. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் தலைவிதியைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவன் வயிற்றைப் பணயம் வைத்திருக்கிறார். சண்டை மட்டும் மாமரத்துக் கிளை இந்தப் பக்கம் வந்ததற்காக நடக்கிறது.

விதி என்ன சொல்கிறது? உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர். ஏறத்தாழ 60 அடி. 30-க்கு 40 மனையின் ஒரு கோடியிலிருந்து எதிர்க்கோடிக்குக் குறுக்கே நூல் பிடித்தால் 50 அடி. கணக்கு முடிந்தது. அந்த மனையில் போரும் உறிஞ்சுகுழியும் ஒரே நேரத்தில் விதிப்படி இருக்கவே முடியாது. பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, மனையைப் பிரித்தவருக்குத் தெரியவில்லை. பிரித்ததற்கு முத்திரை குத்தியவருக்கும் தெரியவில்லை. 1200 சதுர அடி மனைகளை அடுக்கடுக்காக விற்றாயிற்று. ஒவ்வொன்றிலும் ஒரு போர், ஒரு குழி. எல்லாம் அப்ரூவ்டு.

அப்ரூவல் என்றதும் அலுவலகத்துக்குப் போவோம். அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வரைபடத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறது. நீளம் அகலம் ஆழம் எழுதியிருக்கிறது. குறுக்குவெட்டுத் தோற்றம் இருக்கிறது. பக்கத்தில் வட்டமாக உறிஞ்சுகுழி. போன வருஷம் வேறொருவர் வீட்டுக்கு வரைந்த அதே டேங்க். அதற்கு முந்தைய வருஷம் இன்னொருவர் வீட்டுக்கு வரைந்ததும் அதுதான். கம்ப்யூட்டரில் ஒரு முறை பிறந்து, ஊர் முழுக்க வீடு வீடாக இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. அது ஒரு நாளும் மண்ணுக்குள் இறங்கியதில்லை.

வந்து பார்க்க மாட்டார்களா? அந்தச் சிரமத்திலிருந்தும் அரசு விடுதலை பெற்றுவிட்டது. 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் தனக்குத்தானே சான்று கொடுத்து, இணையத்தில் உடனடி அனுமதி வாங்கலாம். சரி, கட்டி முடித்த பிறகாவது? சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்று ஏற்கெனவே விலக்கு கொடுத்தாயிற்று. கட்டுமுன் பார்ப்பதில்லை. கட்டிய பின்னும் பார்ப்பதில்லை. குடிமகன் பொய் சொல்ல மாட்டான் என்று அரசு நம்புகிறது. அரசு எட்டிப் பார்க்காது என்று குடிமகன் நம்புகிறான். இத்தனை பரஸ்பர நம்பிக்கை புருஷன் பெண்டாட்டிக்குள்கூடக் கிடையாது.

மக்களை அலைக்கழிக்காமல் அனுமதி கொடுப்பது நல்ல காரியம். அதில் நமக்குச் சண்டை இல்லை. மேசைக்கு மேசை அலைந்து, ஒவ்வொரு மேசைக்கும் கீழே கொடுத்து வாங்கிய காலத்திலும் குழிக்கு அடி இருந்ததில்லை. அப்போது லஞ்சம் வாங்கிக்கொண்டு பார்க்காமல் விட்டார்கள். இப்போது இலவசமாகப் பார்க்காமல் விடுகிறார்கள். முன்னேற்றம்தான்.

ஒரு அதிகாரமும் எட்டிப் பார்ப்பதில்லை என்று சொல்வது பொய்யாகிவிடும். கொசு சீசனில் சுகாதாரப் பணியாளர் வருகிறார். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாயை அண்ணாந்து பார்க்கிறார். அதன் வாயில் நைலான் வலை கட்டச் சொல்கிறார். கட்டியதும் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்குச் சொன்ன வேலை அது. டேங்குக்கு அடி இல்லை, உறிஞ்சுகுழி இல்லை, மிகுதி நீர் ஒரு பைப் வழியே தெருவின் மழைநீர் வடிகாலில் கொட்டுகிறது. ஆனால் மேலே வலை இருக்கிறது. கொசு வெளியே வர முடியாது. மற்றதெல்லாம் வரலாம்.

இப்போது ஊர்ப் பெருமைக்கு வருவோம். கல்யாண வீட்டிலோ டீக்கடையிலோ கேட்டுப் பாருங்கள். "நம்ம டேங்க் கட்டி பதினெட்டு வருஷம் ஆச்சுண்ணே. ஒரு தடவ எடுத்ததில்ல." மகன் ஐ.ஏ.எஸ். ஆனதைச் சொல்கிற குரலில் சொல்வார். கேட்கிறவர் பொறாமைப்படுவார். "எந்த மேஸ்திரி கட்டினது?" என்று நம்பர் வாங்கிக்கொள்வார். ஐந்து பேர், பதினெட்டு வருஷம், தினமும். தொட்டி நிறையவில்லை. அதெல்லாம் எங்கே போயிற்று என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடும் என்ற பயம்.

உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததால்தான் அந்த வீட்டில் யாரும் போர்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. வாசலில் 20 லிட்டர் கேன் வந்து இறங்குகிறது. சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் கண் சிமிட்டுகிறது. குடிக்கிற தண்ணீரின் 100 மில்லியில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தர விதி. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் தர விதி. சொந்த போரைச் சோதித்துப் பார்க்க ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்ப மாட்டார். கேன் வாங்குவார். கேன் வாங்க முடியாதவர் குழாயடியில் நிற்கிறார். அது அவருடைய தலைவிதி. அவர் வாஸ்து பார்த்திருக்க மாட்டார்.

தப்பித் தவறி ஒழுகாமல் கட்டிய தொட்டி ஒரு நாள் நிறைந்துவிடுகிறது. அப்போதுதான் மூடியைத் தேடுகிறார்கள். கார் நிற்கிற இடத்தில் டைல்ஸுக்கு அடியில் அது புதைந்திருக்கிறது. எந்த டைலுக்கு அடியில் என்று அப்பாவுக்குத்தான் தெரியும். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். உயிலில் நகை எழுதினார், நிலம் எழுதினார், மூடியை எழுதவில்லை. தட்டித் தட்டிப் பார்த்து, நாலு டைலை உடைத்து, லாரிக்குப் போன் போடுகிறார்கள்.

லாரி வருகிறது. உறிஞ்சுகிறது. போகிறது. எங்கே போகிறது?

திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை அரைக்காசு அம்மன் என்று ஊரே கும்பிடுகிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். பொருள் தொலைந்தால் அவளுக்கு வெல்லம் வேண்டிக்கொண்டால் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. வளையல் கிடைத்திருக்கிறது, சாவிக்கொத்து கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இரவோடு இரவாகக் கிளம்புகிற கழிவு லாரிகள் எந்தக் கண்மாயில், எந்த வாய்க்காலில், எந்தப் பொட்டலில் திறந்துவிட்டு வருகின்றன என்று கண்டுபிடிக்க எத்தனை மூட்டை வெல்லம் தேவைப்படும் என்று தெரியவில்லை. தாயாருக்கே தலை சுற்றும்.

இதற்கும் சட்டம் இருக்கிறது. நம்மிடம் இல்லாத சட்டம் எது? 2014-லேயே தமிழ்நாடு அரசு செப்டிக் டேங்க் கழிவு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. தொட்டியை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும், எடுத்த கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும் என்றது. பிறகு லாரிக்கு உரிமம் கட்டாயம் என்றார்கள். 14420 என்று ஒரு கட்டணமில்லா எண்ணும் வந்தது. நல்ல எண். நினைவில் வைத்துக்கொள்ள எளிது. எத்தனை வீட்டுச் சுவரில் அது எழுதியிருக்கிறது? லாரிக்காரர் நம்பர் மட்டும் எல்லா மின்கம்பத்திலும் இருக்கிறது.

பாதாள சாக்கடை வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்திய நகரங்களில் குழாய்ச் சாக்கடையில் இணைந்த வீடுகள் 32.7 சதவீதம். செப்டிக் டேங்க் வைத்திருந்தவை 38.2 சதவீதம். நகரம் என்று நாம் சொல்வது சாக்கடையைவிடத் தொட்டியின் மேல்தான் அதிகம் நிற்கிறது. தமிழ்நாட்டில் பாதாள சாக்கடைத் திட்டத்துக்கென்று ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு. முதலில் அறிவிப்பு. பிறகு அடிக்கல். பிறகு வீடுதோறும் வைப்புத்தொகை. பிறகு நல்ல சாலையைத் தோண்டுதல். பிறகு மழை. பிறகு ஒப்பந்ததாரருக்கும் துறைக்கும் தகராறு. பிறகு மறுமதிப்பீடு. இத்தனைக்கும் நடுவில் ஆளிறங்கு குழியின் மூடி மட்டும் சாலைக்கு மேலே நாலு அங்குலம் தூக்கிக்கொண்டு, இரு சக்கர வாகனக்காரர்களின் முன்பற்களுக்காகக் காத்திருக்கும்.

புதுக்கோட்டை நகராட்சி 1912-ல் பிறந்தது. 2024-ல் அண்டை ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியது. சந்தோஷம். வரி மாறும், அதுவும் தெரியும். நம் தெருவுக்குச் சாக்கடைக் குழாய் உண்டா, வருமா, எந்த வருஷம் வரும் என்று வீட்டுக்காரன் ஒரே ஒரு வரியில் தெரிந்துகொள்ள வழி உண்டா? கேட்டுப் போனால் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு. அந்த அறையிலிருந்து குடிநீர் வடிகால் வாரியத்துக்கு. வாரியத்திலிருந்து மறுபடி இந்த அறைக்கு. வீட்டுக்காரன் களைத்துப்போய் மேஸ்திரியிடமே திரும்பி வருகிறான். மேஸ்திரி ஒருவர்தான் இந்த நாட்டில் உடனே பதில் சொல்கிறார்.

இதுவரை சிரித்தோம். இனி சிரிக்க முடியாது.

லாரிக் குழாய்க்கு எட்டாத கெட்டி வண்டல் தொட்டியின் அடியில் கிடக்கிறது. வீட்டுக்காரர் மணி பார்க்கிறார். "யாராவது ஒரு ஆளை இறக்கி விடுங்கப்பா, முந்நூறு ஐந்நூறு சேர்த்துத் தர்றேன்." ஆள் இறங்குகிறார். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீத்தேன். உயிர்க்காற்று இல்லை. ஒருவர் மயங்கினால் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். அவரைத் தூக்க மூன்றாமவர். மறுநாள் செய்தித்தாளில் மூன்று பாஸ்போர்ட் அளவுப் படங்கள். அந்தப் படங்களில் இருப்பவர்களின் ஊரும் தெருவும் எதுவென்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிட வேண்டும் என்று லாரிக்காரருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். ஜாதி எங்கே சார் இருக்கிறது இந்தக் காலத்தில் என்று கேட்கிற அதே வீட்டுக்காரருக்கு.

ஆளை இறக்குவது குற்றம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 7-ம் பிரிவு அதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023-ல் அதையே 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது. ஆளை இறக்கியதற்காகச் சிறையில் கிடக்கும் வீட்டுக்காரர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? 1993 முதல் நாடு முழுக்கச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்தவர்கள் கணக்கை நாடாளுமன்றத்தில் வைத்தபோது பல முறை தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. சமூக நீதியின் தாயகம். எதிலும் முதலிடம்.

2021-ல் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு ஒரு பதில் சொன்னது. மனிதக் கழிவை மனிதன் அள்ளியதால் யாரும் சாகவில்லை. சாக்கடை, செப்டிக் டேங்குகளை ஆபத்தான முறையில் சுத்தம் செய்தவர்கள்தான் செத்தார்கள். அது வேறு தலைப்பு, வேறு பட்டியல். தலைப்பை மாற்றியதும் பிணம் எழுந்து உட்கார்ந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

2017-ல் திவ்யபாரதி 'கக்கூஸ்' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். குழிக்குள் இறங்குகிறவர்களையும், இறங்கி வராமல் போனவர்களின் வீடுகளையும் காட்டினார். உடனே காவல்துறை விழித்துக்கொண்டது. திரையிடல்களைத் தடுத்தது. வழக்குகள் அவர்மேல் பாய்ந்தன. ஆளை இறக்கியவர் வீட்டில் நிம்மதியாக இருந்தார். படம் எடுத்தவர் நீதிமன்றத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்.

இந்த மாவட்டத்துக்குத் தண்ணீரில் மலம் கலப்பது என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. சி.பி.சி.ஐ.டி. வந்தது. மரபணுப் பரிசோதனை வந்தது. ஆணையம் வந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது, அது பாதிக்கப்பட்ட ஊரின் பட்டியலின இளைஞர்களையே கை காட்டியது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. வேங்கைவயலில் நடந்தது வன்மம். நம் வாயு மூலைக் குழி அலட்சியம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அவமானம். ஆனால் ஒன்று கேட்கலாம். தண்ணீரில் மலம் கலந்ததற்கு மாநிலமே வெட்கப்பட்டது நிஜமென்றால், தினமும் நாமே நிலத்தடியில் கலப்பதற்கு யார் வெட்கப்படுவது?

இதெல்லாம் முடியாத காரியம் என்று கைவிரிக்க வேண்டாம். செப்டிக் டேங்க் நேற்று வந்த அதிசயம் இல்லை. பிரான்ஸில் மூரா என்பவர் 1881-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் டொனால்ட் கேமரன் 1895-ல் கட்டிக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு வரை புதுக்கோட்டையில் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி, 1878 முதல் இந்த நகரத்தின் தெருக்களையும் குளங்களையும் சீர்செய்துகொண்டிருந்தார். மன்னராட்சி. தேர்தல் இல்லை. குளத்துத் தண்ணீரை ஊர் குடிக்கிறது, அதைக் கெடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

செப்டிக் டேங்க் ஏழை நாட்டுச் சமாசாரமும் இல்லை. அமெரிக்காவில் ஐந்தில் ஒரு வீடு அதை நம்பித்தான் இருக்கிறது. அங்கே பல மாநிலங்களில், சாக்கடை இல்லாத இடத்தில், மண் தண்ணீர் குடிக்கிறதா என்று சோதித்துக் காட்டாமல் வீடு கட்ட அனுமதி கிடையாது. இங்கிலாந்தில் செப்டிக் டேங்க் நீரை நேராக ஓடையிலோ ஆற்றிலோ விடுவதை 2020 ஜனவரியோடு முடித்துவைத்தார்கள். வீட்டை விற்கிறவர் தொட்டியைப் பற்றி வாங்குகிறவரிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் எழுத்தில் இருப்பது ஒன்றுதான்: இங்கே சிறுநீர் கழிக்காதீர்.

மாநகராட்சி செய்ய வேண்டியது கம்பசூத்திரம் இல்லை. எந்தத் தெருவில் சாக்கடைக் குழாய் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று ஒரு பட்டியல். வார்டு வாரியாக, அலுவலக வாசலில், தமிழில். மனைப்பிரிவுக்கு முத்திரை குத்தும் முன் மண் சோதனை. தொட்டிக்கு அடி போட்டு, மூடி போடுவதற்கு முன் ஒரே ஒரு முறை ஒருவர் வந்து, தண்ணீர் நிரப்பி, மறுநாள் மட்டம் இறங்கியதா என்று பார்த்துவிட்டுப் போவது. வலை கட்டச் சொல்லப் படியேறும் அரசுக்கு இதற்கும் படியேற முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் சின்னது. மனை வாங்கும் முன் ஒரு மண்வெட்டியோடு போங்கள். குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு விட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். பதினெட்டு வருஷமாக உங்கள் தொட்டி நிறையவில்லை என்றால் அதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புங்கள். மேற்கு வீட்டுக்காரரிடமும் சொல்லி அனுப்புங்கள். லாரி வந்தால் எங்கே கொட்டுவாய் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காசு கொடுக்காதீர்கள். எத்தனை அவசரமானாலும், எத்தனை நாறினாலும், ஒரு மனிதனை அந்தக் குழிக்குள் இறக்காதீர்கள். இறக்கினால் நீங்கள் குற்றவாளி. சட்டப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. அதைப் படிக்க அரசுக்கு நேரமில்லை என்பதால் நீங்கள் நிரபராதி ஆகிவிட மாட்டீர்கள்.